பழைய வீட்டில் கைவைக்கும் முன்

ஒரு பழைய வீடு ஒரே நாளில் அழிவதில்லை. இடிக்கும் இயந்திரம் வாசலில் வந்து நிற்கும் நாளைத்தான் நாம் அழிவு நாள் என்று குறித்துக்கொள்கிறோம். ஆனால் அதற்கு வெகு முன்பே தேக்கு சன்னல் போய் அலுமினியச் சட்டம் வந்திருக்கும். திண்ணை கடையாகியிருக்கும். நாட்டு ஓட்டை இறக்கிவிட்டுத் தகரம் வேய்ந்திருப்பார்கள். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமென்ட் பூச்சு ஏறியிருக்கும். தனித்தனியே பார்த்தால் எல்லாமே சின்ன வேலைகள்தாம். கொத்தனாரும் தச்சரும் சில நாட்களில் முடித்துக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அத்தனையும் கூடியபின் மிஞ்சுவது பழைய கதவிலக்கம் மட்டுமே. மரபுக் கட்டடங்களைக் காப்பதைப் பற்றிச் சிந்திப்பவர்கள் இந்தச் சின்ன வேலைகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

உலகின் பல நகரங்களில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. வரலாற்று மதிப்புள்ள கட்டடம் ஒன்றில் உரிமையாளர் ஒரு மாற்றம் செய்ய விரும்பினால், வேலை தொடங்குமுன் அந்த மாற்றத்தை உள்ளூர்க் குழு ஒன்றின் முன் வைக்க வேண்டும். குழு அதை ஆராய்ந்து, அப்படியே ஏற்கும், அல்லது திருத்தி ஏற்கும், அல்லது மறுக்கும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டுக்குள் பல அடுக்குகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதற்கு அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் ஏற்றது. அந்நாட்டில் இந்த ஏற்பாடு சட்ட வடிவம் பெற்றது முதலில் அங்கேதான்.

சார்ல்ஸ்டன், தென் கரோலினா மாநிலத்தின் கடற்கரைத் துறைமுகம். நெல் விளைச்சலாலும் அடிமை வணிகத்தாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் பெருஞ்செல்வம் சேர்த்த ஊர். உள்நாட்டுப் போருக்குப் பின் அந்தச் செல்வம் வடிந்தது; பழைய வீடுகளை இடித்துப் புதிது கட்டப் பணம் இல்லாததாலேயே அவை நின்றன. 1920-களில் நிலைமை மாறியது. மோட்டார் கார்கள் பெருகின. பெட்ரோல் நிலையங்களுக்குத் தெருமுனை மனைகள் வேண்டியிருந்தன. அந்த முனைகளில் நின்ற பழைய மாளிகைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வெளியூர்ச் செல்வர்களும் அருங்காட்சியகங்களும் சுவரின் மரப் பலகை வேலைகளையும் இரும்புக் கிராதிகளையும் விலைபேசிக் கழற்றிக்கொண்டு போயினர். சூசன் பிரிங்கிள் ஃபிராஸ்ட் என்ற பெண்மணி 1920-இல் ஊராரைக் கூட்டிப் பழைய வீடுகளைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார். அவருடைய தொழிலே வீடு, மனை விற்பனைதான். பெண்கள் வாக்குரிமைக்காகவும் போராடியவர். வீடுகளை விலைகொடுத்து வாங்கிக் காப்பாற்றப் பார்த்தார். ஊர் முழுவதையும் ஒருவர் வாங்கிவிட முடியாது என்பது விரைவிலேயே தெரிந்தது. அங்கிருந்துதான் சட்டத்தின் பக்கம் பேச்சு திரும்பியது.

1931 அக்டோபர் 13 அன்று நகர மன்றம் ஒரு மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. நகரின் ஒரு பகுதியைப் பழமையும் வரலாறும் சார்ந்த மண்டலம் என்று வரையறுத்தது. அந்த எல்லைக்குள் கட்டடங்களின் வெளித்தோற்றத்தை மாற்ற விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும் என்றது. அதற்காக ஐந்து பேர் கொண்ட கட்டடக்கலை மறுஆய்வு வாரியம் ஒன்றை அமைத்தது. கட்டடக் கலைஞர்கள், பொறியாளர்கள், நகரத் திட்டக் குழு, கலைச் சங்கம், மனை வணிகர்கள் ஆகிய ஐந்து தரப்புகளிலிருந்தும் ஆளுக்கொருவர் அதில் இடம்பெற்றனர்.

அந்த ஐந்தாவது இடத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மனை வணிகரை எதிர்த்தரப்பாக வெளியே நிறுத்தாமல் உள்ளே அமர வைத்தார்கள். எந்தச் சீரமைப்புக்கு என்ன செலவாகும், எந்த வீடு விலைபோகும், எது காலியாகக் கிடந்தே நொடிந்துபோகும் என்பதை அறிந்தவர் அவர்தான். ரசனை மட்டும் தெரிந்தவர்கள் கூடி எடுக்கும் முடிவு நடைமுறையில் நிற்பதில்லை. இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும்: இடிப்பைத் தடுக்கும் அதிகாரம் அந்த வாரியத்துக்குத் தொடக்கத்தில் இல்லை, பல ஆண்டுகளுக்குப் பிறகே கிடைத்தது. வாரியம் தன் பணியைத் தொடங்கியது சன்னல், கதவு, கூரை, கிராதி, வண்ணம் ஆகிய சின்ன விஷயங்களில்தான். அது குறையாகத் தோன்றினாலும், ஊராரைக் கேட்டுச் செய்யப் பழக்கியது அந்தச் சின்ன விஷயங்களே.

அடுத்து, இது ஏன் உள்ளூர்க் குழுவின் கையில் இருக்கிறது என்ற கேள்வி. அமெரிக்காவில் வரலாற்றிடங்களின் தேசியப் பதிவேடு ஒன்று உண்டு. 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உருவானது. ஒரு வீடு அதில் இடம்பெற்றுவிட்டால் அதைத் தொட முடியாது என்று அந்நாட்டிலேயே பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. தேசியப் பதிவேடு பெருமை சேர்க்கும். வரிச்சலுகைக்கு வழி திறக்கும். கூட்டரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட திட்டங்களில் கலந்தாய்வைக் கட்டாயமாக்கும். ஆனால் தனியார் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் தம் வீட்டை மாற்றவோ இடிக்கவோ முனைந்தால் அதைத் தடுக்க அதற்கு அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் நகராட்சியின் உள்ளூர்ச் சட்டத்துக்கே உண்டு. தலைநகரின் பட்டியலில் பெயர் இருந்தும் உள்ளூர்ச் சட்டம் இல்லாமற்போனதால் மறைந்த கட்டடங்கள் பல. இன்று அந்நாட்டில் 2,000-க்கும் மேற்பட்ட உள்ளூர்க் குழுக்கள் இயங்குவதற்கு இதுவே காரணம்.

சட்டக் காரணம் ஒருபுறம் இருக்க, அண்மை தரும் அறிவும் ஒன்று உண்டு. சார்ல்ஸ்டனின் பழைய வீடுகளில் ஒரு வகை, ஒற்றை அறை அகலமே கொண்டது. வீட்டின் ஒடுங்கிய பக்கம் தெருவைப் பார்க்கும். நீண்ட பக்கம் உள்ளே போகும். அந்த நீண்ட பக்கத்தில் தூண்கள் தாங்கிய தாழ்வாரம், பெரும்பாலும் தெற்கையோ மேற்கையோ பார்த்து, கடற்காற்றை வாங்கும்படி அமைந்திருக்கும். தெருவில் தெரியும் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போகமாட்டோம், தாழ்வாரத்துக்குத்தான் போவோம். இந்த அமைப்பை அறியாத ஒருவரிடம் தாழ்வாரத்தைக் கண்ணாடி போட்டு அடைத்து அறையாக்கும் வரைபடத்தைக் காட்டினால், இடம் வீணாகாமல் பயன்படுகிறதே என்பார். அந்தத் தெருவில் வளர்ந்தவருக்கு அது வீட்டின் மூச்சை அடைப்பது என்று தெரியும். உள்ளூர் என்ற சொல்லுக்கு இந்த ஏற்பாட்டில் இருக்கும் கனம் இதுவே.

இனி, குழு உண்மையில் எதை ஆராய்கிறது என்பதைப் பார்க்கலாம். கட்டடத்தின் மதிப்பு ஏற்கெனவே பட்டியலில் பதிவாகிவிட்டது. குழு மீண்டும் அதை எடைபோடுவதில்லை. உரிமையாளர் யார், வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுகிறார் என்பதும் அதன் விசாரணைக்குள் வராது. முன்வைக்கப்பட்ட மாற்றத்தை மட்டுமே அது பார்க்கிறது. அது வழங்கும் ஆவணத்தைப் பொருத்தச் சான்று எனலாம். அழகு என்பது ஒரு பொருளைத் தனியே நோக்கிச் சொல்வது. பொருத்தம் என்றால் இரண்டு பொருள்கள் வேண்டும்: இருக்கும் கட்டடம் ஒன்று, வரப்போகும் வேலை மற்றொன்று. இந்த வேலை தன்னளவில் அழகா என்று கேட்டால் விடை ஆளுக்கு ஆள் மாறும். இந்தக் கட்டடத்தின் அளவு, பொருள், விகிதம், இயல்பு ஆகியவற்றோடு இது ஒத்துப்போகிறதா என்று கேட்டால் அளந்து பார்த்து, காட்டி, வாதிட்டு விடை காணலாம். தனிப்பட்டவர் ரசனைக்குள் ஊர் சிக்கிக்கொள்ளாதிருக்க இந்த எல்லை அவசியம்.

எல்லா வேலைக்கும் இந்தச் சான்று தேவையில்லை. உடைந்த ஓட்டுக்குப் பதில் அதே வகை ஓட்டை வைப்பது, உளுத்த பலகைக்குப் பதில் அதே மரத்தில் பலகை அடிப்பது போன்றவை பராமரிப்பு. பொதுவாக இவற்றுக்குத் தடையில்லை. சிறு மாற்றங்களை நகராட்சி அலுவலர்களே பார்த்துத் தீர்ப்பார்கள். பெரிய மாற்றங்கள், புதுக் கட்டுமானம், இடிப்பு ஆகியவை குழுவின் திறந்த கூட்டத்துக்கு வரும். விண்ணப்பதாரர் வரைபடமும் ஒளிப்படமும் தருவார்; அறிவிப்பு வெளியாகும்; அக்கம்பக்கத்தார் வந்து பேசலாம்; குழு எல்லோர் முன்னிலையிலும் விவாதித்து முடிவெடுக்கும். முடிவில் உடன்பாடில்லையென்றால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. குழு எழுதிவைக்கும் காரணங்கள் அடுத்த விண்ணப்பதாரருக்கு வழிகாட்டியாகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல ஊர் தன் கட்டடங்களைப் பற்றிய ஓர் அறிவுத் தொகுப்பையே சேர்த்துவிடுகிறது.

அப்படிச் சேர்ந்த அறிவின் சாரம் பத்து நெறிகளாகத் தொகுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க உள்துறை வகுத்த இவற்றைப் பல உள்ளூர்க் குழுக்கள் தம் அளவுகோலாகக் கொள்கின்றன. பத்தையும் இங்கே விரிக்கத் தேவையில்லை. சிதைந்ததைப் பழுதுபார், பழுதுபார்க்க முடியாதபோது மட்டும் மாற்று என்பது அவற்றில் ஒன்று. இதைச் சொல்லாகப் படித்தால் புரிந்ததுபோல் தோன்றும். ஒரு சன்னலை வைத்துப் பார்த்தால்தான் உண்மையில் புரியும்.

சார்ல்ஸ்டன் வீடுகளில் மேலும் கீழும் நகரும் மரச் சன்னல்கள் உண்டு. ஒவ்வொரு சட்டத்திலும் சிறு சிறு கண்ணாடிச் சில்லுகள். அவற்றுக்கிடையே மெல்லிய மரக் குறுக்குக் கம்பிகள். மரம், நிதானமாக வளர்ந்த பழங்காட்டு மரம்; ஆண்டு வளையங்கள் நெருங்கியிருப்பதால் எளிதில் உளுக்காது. ஒரு சில்லு உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். புட்டி காய்ந்து உதிர்ந்தால் புதிதாக வைக்கலாம். அடிச்சட்டம் உளுத்தால் அந்தத் துண்டை மட்டும் அறுத்து வேறு மரம் ஒட்டவைக்கலாம். அதாவது, பகுதி பகுதியாகப் பழுதுபார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. அதன் இடத்தில் வைக்கும் பிளாஸ்டிக் சன்னல் முழுதும் ஒரே அடைப்பு. இரு கண்ணாடிகளுக்கிடையே ஈரம் புகுந்து மங்கிவிட்டால் கண்ணாடித் தொகுதியையே தூக்கி எறிய வேண்டும். குறுக்குக் கம்பிகளும் அதில் பெரும்பாலும் பொய். தட்டையாக ஒட்டப்பட்டவை அல்லது கண்ணாடிக்குள்ளே அடைக்கப்பட்டவை. பழைய கம்பியின் புடைப்பு வெயிலில் கண்ணாடிமேல் வீழ்த்தும் நிழல்கோடு அதில் விழாது. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு ஏதோ ஒன்று குறைகிறது என்று படும். என்னவென்று சொல்லத் தெரியாது. சன்னலுக்காகக் குழுக்கள் இவ்வளவு மன்றாடுவதைச் சிலர் பிடிவாதம் என்கிறார்கள். ஒரு வீட்டு முகப்பில் சுவருக்கு அடுத்தபடியாக அதிகப் பரப்பைப் பிடிப்பது சன்னலே; அது போனால் முகம் போயிற்று.

சுவருக்கு வருவோம். பழைய செங்கல் இன்றைய செங்கல்லைவிட மென்மையானது. அதை இணைத்த சுண்ணாம்புக் காரை அதைவிடவும் மென்மையானது. சுவருக்குள் புகும் ஈரம் காரையின் வழியே வெளியேறி ஆவியாகும். சுவர் அசைந்தால் காரை விட்டுக்கொடுக்கும். கேடு வந்தால் அது காரையோடு நிற்கும். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இணைப்புகளைச் சுரண்டிப் புதுக்காரை வைத்தால் போதும். அந்த இடத்தில் உறுதி கருதிச் சிமென்ட் கலவை வைத்தால் என்ன ஆகும்? சிமென்ட் செங்கல்லைவிடக் கடினம். ஈரத்தையும் எளிதில் விடாது. வெளியேற வழியில்லாத ஈரம் செங்கல்லின் வழியே போகத் தொடங்கும். உடன்வந்த உப்பு செங்கல்லின் முகத்துக்குள் படிந்து பருக்கும். முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் சிமென்ட் இணைப்புகள் மட்டும் வலைபோல் துருத்தி நிற்கும். செங்கல் உள்ளே தேய்ந்திருக்கும். வேலை செய்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உரிமையாளரும் நன்மைக்காகவே செலவழித்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். செட்டிநாட்டு வீடுகளிலும் சென்னையின் பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைகளிலும் சிமென்ட் பூசியதால் நேர்ந்த கேடும் இதே வழியில் வந்ததுதான்.

பழையதைக் காப்பது என்றால் கட்டிய நாளின் நிலையில் உறைய வைப்பது என்று சிலர் பொருள்கொள்கிறார்கள். நெறிகள் அப்படிச் சொல்லவில்லை. காலப்போக்கில் கட்டடம் ஏற்ற மாற்றங்களில் சில தாமே வரலாற்று மதிப்பு பெற்றுவிடுகின்றன; அவற்றையும் காக்க வேண்டும் என்கின்றன. 1886 ஆகஸ்ட் 31 அன்று சார்ல்ஸ்டனைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. விரிசல் விட்ட வீடுகளைச் சேர்த்துப் பிடிக்க, சுவருக்குச் சுவர் இரும்புக் கம்பிகளைச் செருகி, வெளியே இரும்புத் தகடுகளால் இறுக்கினார்கள். வட்டமாகவும் சிலுவை வடிவிலும் நட்சத்திர வடிவிலும் அந்தத் தகடுகளை இன்றும் பல சுவர்களில் காணலாம். வீட்டைக் கட்டியவர் நினைத்துப் பார்த்திராத பொருள் அது. இன்று அதைக் கழற்றிவிட்டு முதல் வடிவுக்குத் திரும்புகிறேன் என்று ஒருவர் விண்ணப்பித்தால், ஊரின் ஒரு பெரும் துயரத்தின் சான்றை அழிக்கிறாய் என்றே விடை வரும்.

புதிதாகச் சேர்க்கும் பகுதிக்கு நெறி இரண்டு கடமைகளை விதிக்கிறது. சேர்ப்பு பழையதிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும். அதோடு ஒத்தும் போக வேண்டும். முதலாவது நேர்மை பற்றியது. பழையதைப் போலவே அச்சு அசலாகச் செய்து ஒட்டினால் பின்னால் வருபவர் எது எந்தக் காலத்தது என்று அறிய முடியாது. பொய்ச் சான்று ஒன்று வரலாற்றில் நுழைந்துவிடும். இரண்டாவது மரியாதை பற்றியது. இரண்டும் எதிரெதிராக இழுக்கும். எவ்வளவு வேறுபடலாம், எவ்வளவு ஒத்திருக்க வேண்டும் என்பதற்குச் சூத்திரம் கிடையாது. இந்த வாதம் முடிந்துவிட்டதாக யாரும் சொன்னால் நான் நம்பமாட்டேன். ஒவ்வொரு வரைபடத்தின் முன்னும் அது புதிதாக எழும், எழுவதே நல்லது.

அண்மை ஆண்டுகளில் சார்ல்ஸ்டனில் இதைவிடக் கடினமான கேள்வி வந்திருக்கிறது. 2016-இல் மேத்யூ, 2017-இல் இர்மா ஆகிய புயல்கள் பழைய வீடுகளுக்குள் கடல்நீரைக் கொண்டுவந்தன. வீட்டை அடித்தளத்திலிருந்து தூக்கி உயர்த்த அனுமதி கேட்டு உரிமையாளர்கள் வந்தார்கள். வீடு தெருவோடு கொண்ட உறவு, வாசற்படி, அண்டை வீட்டுக் கூரையோடு அமைந்த வரிசை எல்லாம் மாறிவிடும். உயர்த்தாவிட்டால் வீடே மிஞ்சாது. வாரியம் இதற்கென வழிகாட்டு நெறிகளை வகுத்து, எவ்வளவு உயர்த்தலாம், அடித்தளத்தை எப்படி முடிக்கலாம், படிக்கட்டை எங்கே அமைக்கலாம் என்று வழக்குக்கு வழக்கு ஆராய்கிறது. தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிப்போக, ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும் வேலையைச் சென்னையிலும் பார்க்கிறோம். சார்ல்ஸ்டனில் அந்த வேலைக்கு முன் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது, வேறுபாடு அதுவே.

உரிமையாளரின் பக்கம் நின்று பார்க்காமல் இந்த விளக்கம் முழுமை பெறாது. என் வீட்டில் நான் செய்யும் வேலைக்கு மற்றவர் அனுமதி ஏன் என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. இது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கியபோது தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. அந்த அதிர்ச்சியில் 1965-இல் நகரம் தன் சின்னங்களைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. அதன்படி கிராண்ட் சென்ட்ரல் நிலையம் 1967-இல் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே அதன் உரிமை நிறுவனம் நிலையத்தின் தலைமேல் 50 மாடிகளுக்கும் மேற்பட்ட அலுவலகக் கோபுரம் கட்ட விண்ணப்பித்தது; வரைந்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் மார்சல் பிராயர். குழு மறுத்தது. 1978 ஜூன் 26 அன்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நிலையத்தை நிலையமாக நடத்தி நியாயமான வருவாய் ஈட்ட இன்னும் வழி இருக்கிறது. பயன்படுத்த முடியாத கட்டுமான உரிமையை அருகிலுள்ள வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. ஆகவே சொத்து பறிக்கப்பட்டதாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பு நகரங்களுக்கு வலிமை தந்தது; எல்லையையும் காட்டியது. நியாயமான பயன் எதுவும் எஞ்சாதபடி ஒருவரைக் கட்டிப்போட முடியாது. அதனால்தான் பல உள்ளூர்ச் சட்டங்களில் பொருளாதார இன்னல் என்று ஒரு பிரிவு இருக்கிறது. மாற்றத்தை மறுத்தால் தமக்கு வேறு வழியே இல்லை என்று உரிமையாளர் கணக்கோடு நிறுவினால் குழு வழிவிட வேண்டும். காக்கச் சொல்பவர் காப்பதற்கான செலவில் வரிச்சலுகையாகவோ மானியமாகவோ பங்கேற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெறும் ஆணையால் ஓடு மாற்ற முடியாது.

மறுபுறம், உரிமையாளர் எதையும் மாற்ற விண்ணப்பிக்காமல், பழுதும் பார்க்காமல் மழைக்கு விட்டுவிட்டால்? நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பிரெஞ்சுக் குடியிருப்புச் சட்டம் பராமரிப்பையும் கடமையாக்குகிறது. 1975-இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. கவனியாமையும் ஒருவகை இடிப்பே என்பதை அது ஒப்புக்கொண்டது. நமக்கு இதை விளக்கத் தொலைவு போக வேண்டியதில்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மேரிக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது. இப்போது அங்கே நிற்பது அதே தோற்றத்தில் மீண்டும் கட்டப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் கண்ணுக்குத் தப்பியவற்றையும் சொல்லியாக வேண்டும். சார்ல்ஸ்டன் வாரியம் பொதுத் தெருவிலிருந்து தெரியும் வெளிப்புறத்தையே முதன்மையாகப் பார்க்கிறது. அந்த மாளிகைகளின் பின்கட்டில் தனிச் சமையற்கட்டும், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் குடியிருந்த அறைகளும் இருந்தன. செங்கல் சுட்டதும் இரும்பு வளைத்ததும் மரம் இழைத்ததும் பெரிதும் அவர்களுடைய கைகள். தெருவில் நின்று பார்க்கும் சட்டத்துக்கு முகப்பு தெரிந்தது. பின்கட்டு நெடுங்காலம் தெரியவில்லை. வீடுகள் சீர்பெற்று விலை ஏறியபோது ஆன்சன்பரோ போன்ற பகுதிகளில் வாடகைக்குக் குடியிருந்த கறுப்பினக் குடும்பங்கள் வெளியேற நேர்ந்ததும் வரலாறு. சுவரைக் காத்து அதற்குள் வாழ்ந்தவரை இழப்பது பாதி வேலை. எதைப் பட்டியலில் சேர்க்கிறோம், எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதிலேயே நீதியும் அநீதியும் தொடங்கிவிடுகின்றன.

இந்தியாவில் தொல்லியல் துறையின் காவலில் சுமார் 3,700 நினைவுச்சின்னங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குப்பகுதி. மக்கள் குடியிருக்கும் வீடுகள், கடைகள், பள்ளிகள், அலுவலகங்கள் பெரும்பாலும் இந்தக் காவலுக்கு வெளியேதான். அவற்றுக்கென பம்பாய் 1995-இல் மரபு விதிமுறைகளை வகுத்தது. கட்டடங்களை மூன்று தரங்களாகப் பிரித்து, தரத்துக்கேற்ப மாற்றத்தின் அளவை வரையறுத்து, ஆராயக் குழுவையும் அமைத்தது. சென்னையில் இது வழக்கு மன்றத்தின் வழியாக வந்தது. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் வேலை 2006-இல் தொடங்கியது. மரபு ஆர்வலர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். 2010-இல் வந்த தீர்ப்பு இடிப்பைத் தடுத்தது. மரபுப் பாதுகாப்புக் குழு ஒன்றும் அந்த ஆண்டில் அமைந்தது. விளம்பரப் பலகைகளை ஒழுங்குபடுத்த அமைந்த நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த கட்டடப் பட்டியலே அதற்கு அடிப்படையாக உதவியது.

கோயில்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை குடமுழுக்கு என்ற வழக்கம் பழுதுபார்க்கும் ஒழுங்கை நமக்குத் தந்திருக்கிறது. அந்த வகையில் நாம் பலரைவிட முன்னே இருக்கிறோம். அதே திருப்பணியின்போது மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்ததில் கல்வெட்டு எழுத்துகளும் சிற்பங்களின் நுட்பமும் மழுங்கின. பின்னர் அந்த முறைக்குத் தடை வந்தது. நீதிமன்றத் தலையீடுகளுக்குப் பிறகு திருப்பணிக் கருத்துருக்களை வல்லுநர் குழுக்கள் முன்கூட்டியே பார்க்கின்றன. வேலைக்கு முன் கேட்பது என்ற நெறி இங்கே வேரூன்றத் தொடங்கியிருக்கிறது.

தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2024-இல். ஆணையத்தின் கண் மாநிலம் முழுவதையும் பார்க்கலாம். காரைக்குடியில் ஒரு வளவையும் திருநெல்வேலியில் ஒரு தெருவையும் கும்பகோணத்தில் ஒரு திண்ணையையும் அறிந்தவர்கள் அந்தந்த ஊரில்தான் இருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு நகராட்சியும் ஒரு சிறு குழுவை அமைக்கட்டும். அதில் கட்டடக் கலைஞரோடு சுண்ணாம்புக் காரை அறிந்த கொத்தனார் ஒருவரும், தச்சர் ஒருவரும், வீட்டுக்காரர் தரப்பில் ஒருவரும் அமரட்டும். பட்டியலைக் கதவிலக்கத்தோடு வெளியிடட்டும். கூட்டத்தைத் திறந்து நடத்தட்டும். ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தைத் தமிழில் எழுதி வைக்கட்டும். அதுவரை, பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சன்னலைப் பெயர்க்குமுன், சுவரில் சிமென்ட் பூசுமுன், அந்த வேலை தெரிந்த ஒருவரை அழைத்துவந்து காட்டிக் கேளுங்கள்.